மூளைச்சாவு சான்று ஆயிற்று, குடும்பம் தானத்துக்கு மறுக்கிறது: படுக்கையில் இருப்பது நோயாளியா, சடலமா?

கோட்டூர்புரம் கதிர்

சாலை விபத்து, தலையில் பலத்த அடி, ஐசியூவில் மூன்றாம் நாள். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு மூளைச்சாவு என்று சான்று தருகிறார்கள். குடும்பம் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தால் அந்த நிமிடமே ஆள் இறந்தவர். மறுத்தால் அதே ஆள், அதே படுக்கை, அதே சான்று. ஆனால் வென்டிலேட்டர் ஓடும், மருந்து ஏறும், பில்லும் ஏறும். இரண்டு நாள் கழித்து இதயம் நின்ற நேரத்தைத்தான் இறந்த நேரமாக எழுதுவார்கள்.

ஒருவர் செத்தாரா இல்லையா என்பதை அவர் மனைவியின் கையெழுத்து தீர்மானிக்க முடியுமா? இதற்கு மருத்துவம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, தத்துவத்தில் நிற்கிற பதில் எது? உயிரின் தொடக்கத்திலும் இதே மாதிரி கோடுகள் கிடக்கின்றன (ஆய்வகத்தில் கருவை வளர்க்க 14 நாள், கருக்கலைப்புக்கு 24 வாரம்). அவற்றையும் இதே இழையில் இழுத்துப் போட்டுப் பேசலாம்.

ஐசியூ அகிலன்

முதல்ல டெஸ்ட் என்னன்னு தெளிவாகட்டும். அது தெரியாம தத்துவம் பேசினா காத்துல வீடு கட்டற கதைதான்.

சோதிக்க ஆரம்பிக்கவே சில நிபந்தனை இருக்கு. கோமாவுக்கான காரணம் தெரிஞ்சிருக்கணும். சிடி ஸ்கேன்ல அந்த அளவு சேதம் கண்ணுக்குத் தெரியணும். உடல் வெப்பம் 36 டிகிரிக்கு மேல, மேல் ரத்த அழுத்தம் 100-க்கு மேல. மயக்க மருந்து, தசை தளர்த்தி எதுவும் உடம்புல மிச்சம் இருக்கக் கூடாது. சோடியம், சர்க்கரை தாறுமாறா இருக்கக் கூடாது.

அப்புறம் மூளைத்தண்டு அனிச்சைகள். கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குதா, கருவிழியைப் பஞ்சால தொட்டா இமை துடிக்குதா, தலையைத் திருப்பினா கண் எதிர்ப்பக்கம் நகருதா, புருவ எலும்பை அழுத்தினா முகம் சுளிக்குதா, தொண்டையில குழாய் விட்டா இருமல் வருதா. காதுல ஐஸ் தண்ணி 50 மில்லி விட்டு ஒரு நிமிஷம் கண்ணைப் பாக்கணும். மறு காதுக்குப் போறதுக்கு முன்னாடி 5 நிமிஷ இடைவெளி. காதுல அழுக்கு அடைச்சிருந்தாலோ செவிப்பறை கிழிஞ்சிருந்தாலோ இந்த டெஸ்டுக்கு அர்த்தமே இல்லை. அதைப் பாக்காம செய்யறவங்க நிறைய.

கடைசியா ஏப்னியா டெஸ்ட், அதாவது தானா மூச்சு வருதான்னு பாக்கறது. இதுதான் உயிர்நாடி. 10 நிமிஷம் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, ஏபிஜி (ரத்தத்துல உள்ள வாயுக்களை அளக்கற டெஸ்ட்) எடுத்து, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35–45-க்குள்ள இருக்கான்னு பாத்துட்டு வென்டிலேட்டரைக் கழற்றணும். மூச்சுக்குழாய்க்குள்ள மெல்லிய கதீட்டர் விட்டு நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன். கதீட்டர் தடிமனா இருந்தா உள்ள போற காத்து வெளிய வர வழியில்லாம நுரையீரல் வெடிச்சுரும். போர்வையை விலக்கி நெஞ்சையும் வயித்தையும் 8–10 நிமிஷம் வெச்ச கண் வாங்காம பாக்கணும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் நிமிஷத்துக்குச் சுமார் 3 மி.மீ. ஏறும், அதனாலதான் இந்த 8 நிமிஷக் கணக்கு. மறுபடி ஏபிஜி. 60-ஐத் தொட்டும், அல்லது ஆரம்பிச்சதை விட 20 கூடியும், ஒரு மூச்சுகூட வரலைன்னா டெஸ்ட் பாசிட்டிவ், அதாவது தானா மூச்சு விடற திறன் இல்லை. நடுவுல ரத்த அழுத்தம் 90-க்கு கீழ போனாலோ ஆக்சிஜன் 85-க்கு கீழ போனாலோ நிறுத்திடணும். ரொம்ப நாளா சிஓபிடி (நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கறவங்களுக்கு 60-ங்கிற கணக்கு செல்லாது. அவங்க உடம்பு எப்பவுமே அந்த அளவுலதான் ஓடிட்டிருக்கும்.

சந்தேகப் பிராணி

எல்லாம் சரி டாக்டர். ‘மூளைச்சாவு என்றார்கள், பிழைத்துக்கொண்டார்’ என்று வருஷத்துக்கு ஒரு செய்தி வருகிறதே, அது எப்படி?

ஐசியூ அகிலன்

அந்தச் செய்தியை நோண்டிப் பாத்தா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. டெஸ்டே செய்யாம வாய்வார்த்தையா “பிரெய்ன் டெட் மாதிரிதான்”னு அட்டெண்டர்கிட்ட சொல்லியிருப்பாங்க. இல்லைன்னா முதல் நிபந்தனையிலயே கோட்டை விட்டிருப்பாங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு பொறி இருக்கு: கட்டுவிரியன். ராத்திரி தூக்கத்துல கடிக்கும், பல் தடம்கூடத் தெரியாது. காலையில கண் திறக்காது, கை கால் அசையாது, மூச்சு நிக்கும், கண்பாவை விரிஞ்சு அசையாம நிக்கும். பாக்க அப்படியே மூளைச்சாவுதான். ஆனா மூளை முழுசா விழிச்சிருக்கும். விஷம் அடைச்சது நரம்பும் தசையும் சேர்ற இடத்தை மட்டும். வென்டிலேட்டர்ல நாள் கணக்கா தாக்குப்பிடிச்சா எழுந்து உக்காருவாங்க. அதனாலதான் சிடி-யில காரணம் தெரியாத கோமாவுக்கு இந்த டெஸ்ட் பக்கமே போகக் கூடாது. பூச்சிமருந்து குடிச்ச கேஸ், கில்லன் பாரே (நரம்பு செயலிழக்கற நோய்) கேஸ் எல்லாத்துக்கும் இதே விதிதான்.

இன்னொரு பொறி மருந்து. மிடாசோலம்ங்கிற தூக்க மருந்து ஓடிட்டிருந்த ஆளுக்குக் கிட்னியும் போயிருந்தா, மருந்து வெளியேற வழக்கத்தை விடப் பல மடங்கு நேரம் ஆகும். குறைஞ்சது அஞ்சு அரை-ஆயுள் (மருந்து பாதியா குறையற நேரம்) காத்திருக்கணும். கிட்னி, கல்லீரல் கெட்டிருந்தா அதுக்கும் மேல.

நேர்மாறான தப்பும் நடக்கும். மானிட்டர்ல “பேஷன்ட் தானா மூச்சு இழுக்கறார்”னு காட்டும், குடும்பமும் அதைப் பாத்துட்டு நம்பிக்கை வெக்கும். ஆனா இதயம் துடிக்கிற அதிர்வு குழாய்க் காத்தை லேசா ஆட்ட, ஃப்ளோ ட்ரிக்கரை (மூச்சு வருதான்னு கண்டுபிடிக்கிற செட்டிங்) ரொம்ப மென்மையா வெச்ச மெஷின் அதையே மூச்சுன்னு எண்ணிக்குது. ட்ரிக்கர் அளவைக் கூட்டினா அந்த ‘மூச்சு’ நின்னுரும்.

கை லேசா தூக்கறது, விரல் மடங்கறது, இதெல்லாம் தண்டுவடத்தோட வேலை. வென்டிலேட்டரைக் கழற்றறப்ப ரெண்டு கையும் நெஞ்சுப் பக்கம் எழும்பறதும் உண்டு, லாசரஸ் அசைவுன்னு பேர். குடும்பத்தை உள்ள விடறதுக்கு முன்னாடி இதைச் சொல்லி வெக்கலைன்னா ஐசியூ வாசல்ல அடிதடிதான்.

பாரிமுனை வக்கீல்

சட்டத்துக்கு வருகிறேன். மூல இழையில் கேட்டதற்கு நேர் பதில்: ஆம், நடைமுறையில் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது. அப்படி ஆனதற்குக் காரணம் இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்பது.

1994 உறுப்பு மாற்றுச் சட்டம் ‘இறந்தவர்’ என்பதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது: மூளைத்தண்டுச் சாவு, அல்லது இதயமும் மூச்சும் நின்ற சாவு. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ ‘உயிருடன் பிறந்த பிறகு, உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவது’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, நாடி துடிக்கிறது. இவை ‘உயிரின் அடையாளம்’ இல்லையா என்று எதிர்த்தரப்பு கேட்டால், 1994 சட்டத்தை உறுப்பு தானத்துக்கு வெளியே நீட்ட நீதிமன்றம் ஒத்துக்கொள்ளும் என்று எந்த மருத்துவமனையும் பந்தயம் கட்டாது.

சான்றைத் தருவது யார் என்பதிலும் சட்டம் கறார். மருத்துவமனைப் பொறுப்பு டாக்டர், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை நிபுணர், சிகிச்சை தரும் டாக்டர் என நால்வர். நரம்பியல் ஆள் கிடைக்காவிட்டால் மயக்கவியல் அல்லது தீவிர சிகிச்சை நிபுணரைச் சேர்க்கலாம் என்று 2011 திருத்தம் வழிவிட்டது. உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர் இதில் கை வைக்கக் கூடாது. படிவம் 10.

தமிழ்நாட்டில் 2008-இல் வந்த அரசாணைகளுக்குப் பிறகு சான்றளிப்பு ஒழுங்காக நடக்கிறது. ஆனால் சான்றுக்குப் பிறகு ‘தானம் இல்லை’ என்றால் என்ன செய்வது என்பதைச் சட்டமே சொல்லியிருக்க வேண்டும். கேரளம் 2020-இல் தானத்தோடு முடிச்சுப் போடாமல் மூளைச்சாவைச் சான்றளிக்கத் தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அது சரியான திசை.

தாமரை (ஒருங்கிணைப்பாளர்)

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளராகக் குடும்பத்தோடு பேசும் இடத்திலிருந்து சில விஷயங்கள்.

சாவைச் சொல்வதும் தானம் கேட்பதும் ஒரே ஆள், ஒரே மூச்சில் செய்யக் கூடாது. முதல் சோதனை முடிந்ததும் டாக்டர் நிலைமையைச் சொல்வார். இரண்டாவது சோதனைக்குப் பிறகு ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே சொல்ல வேண்டும். ‘கிட்டத்தட்ட’, ‘இனி வாய்ப்பில்லை’ என்று இழுத்தால் குடும்பம் அதை ‘இன்னும் இருக்கிறார்’ என்றுதான் கேட்கும். அது உள்ளே இறங்கிய பிறகே தானப் பேச்சு. படிவம் 8 நெருங்கிய உறவினருக்கு. இறந்தவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்குப் படிவம் 9.

மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் மதம் இல்லை. ‘உடம்பு சூடா இருக்கே’ என்பதுதான் முதல் காரணம். அடுத்தது போஸ்ட்மார்ட்டம் பயம். விபத்து கேஸ் என்றால் தானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் உண்டு. தானத்துக்காக இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்ததால் பழையபடி விடியும்வரை காத்திருக்கும் அவதி குறைந்திருக்கிறது.

தத்துவக்காரர்கள் கவனிக்காத ஒன்று: திதி. இரண்டாவது ஏப்னியா சோதனையின் ஏபிஜி முடிவு வந்த நேரத்தைத்தான் நம் வழக்கத்தில் இறந்த நேரமாகக் குறிப்போம். அது மாலை 6 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பு எடுத்து முடிய மறுநாள் விடியற்காலை ஆகிவிடும். நடுவில் திதி மாறும், நட்சத்திரம் மாறும், அடைப்பு உண்டா இல்லையா என்பதும் மாறும். ‘எந்த நேரத்தை வைத்துத் திவசம் கொடுப்பது?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். சான்றில் உள்ள நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். ‘உங்கள் விருப்பம்’ என்று சொன்னால், அப்போ அந்த நேரத்தில் இவர் சாகவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

தர்க்கன்

தாமரை சொன்ன நேரப் பிரச்சினை நம் ஊர்க் குழப்பம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் முதல் சுற்றுச் சோதனை முடிந்த நேரமே சட்டப்படி இறந்த நேரம். இரண்டாவது சுற்று அதை உறுதி செய்ய மட்டும். நம்மிடம் இரண்டாவது சுற்று. ஒரே உடலை லண்டனில் படுக்க வைத்தால் ஆறு மணி நேரம் முன்னதாகவே இறந்திருப்பார். சாவு ஒரு நிகழ்வு என்று நாம் பேசுகிறோம். உடலில் நடப்பது ஒரு நீண்ட போக்கு. அதில் எங்கே கோடு போடுவது என்பதை உடல் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று இதற்குப் பொருளில்லை. 1968-இல் ஹார்வர்டு குழு அறிக்கை இரண்டு காரணங்களை ஒளிவுமறைவின்றிச் சொன்னது: மீளாக் கோமாவில் கிடப்பவர்களால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏற்படும் சுமை, உறுப்பு எடுப்பதில் பழைய வரையறை உண்டாக்கும் சர்ச்சை. இரண்டுமே பயன் பற்றிய காரணங்கள். சாவு என்றால் என்ன என்பதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைப் பின்னால் தேடினார்கள். ‘மூளைதான் உடலை ஒருங்கிணைக்கிறது, அது போனால் உடல் வெறும் உறுப்புக் குவியல்’ என்பது முதல் முயற்சி. ஆலன் ஷூமன் 1998-இல் அதை உடைத்தார்: மூளைச்சாவுக்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் உடல் தாங்கிய 175 கேஸ்களைத் தொகுத்துக் காட்டினார். அந்த உடல்களில் காயம் ஆறியது, குழந்தைகள் வளர்ந்தார்கள், சில கர்ப்பங்கள் தொடர்ந்தன. குவியல் இப்படியெல்லாம் செய்யாது.

இப்போது நிற்கிற பதில் பிரிட்டன் மருத்துவக் கல்விக் கழகங்கள் 2008-இல் எழுதியது: விழிப்புணர்வுக்கான திறன், மூச்சுக்கான திறன் இரண்டும் மீளாமல் போவது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்பது முக்கியம். கழுத்துத் தண்டுவடம் அறுந்தவருக்கு மூச்சு இல்லை, உணர்வு உண்டு, உயிருள்ளவர். மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் தாக்குதலில் மூளை சேதமாகி 1973 முதல் 2015 வரை படுக்கையில் கிடந்தார். உணர்வு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் மூச்சு தானாக ஓடியது. அவரைச் சடலம் என்று யாரும் சொல்லவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் மட்டும் ரத்தம் கசிந்தால் மூளைத்தண்டு செத்துவிடும், மேல்மூளையில் மின்னோட்டம் மிஞ்சலாம். நம் சட்டப்படியும் பிரிட்டன் முறைப்படியும் அவர் இறந்தவர். முழு மூளையும் செயலிழக்க வேண்டும் என்று சொல்லும் 1981 அமெரிக்க மாதிரிச் சட்டத்தின் எழுத்துப்படி இறக்கவில்லை.

சந்தேகப் பிராணி

அதாவது, ஒருவர் ‘இன்னும் இருக்கிறார்’ என்று நம்பும் குடும்பம் முட்டாள்தனம் செய்யவில்லை. உங்கள் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. பிறகு எந்த உரிமையில் எல்லார் மீதும் ஒரே வரையறையைத் திணிக்கச் சொல்கிறீர்கள், வக்கீல் சார்? ஜப்பான் 1997 சட்டத்தில் தானத்துக்கு மட்டும் மூளைச்சாவை ஏற்றுக்கொண்டது. நியூ ஜெர்சியில் மத நம்பிக்கை காரணமாக மறுப்பவருக்கு விலக்கு இருக்கிறது. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லையே.

பாரிமுனை வக்கீல்

விழவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் 2013 டிசம்பரில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட ஒரு சிறுமி, நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனதும் சட்டப்படி உயிருள்ளவராகி, 2018-இல் மறுபடி இறந்தார். இரண்டு இறப்புச் சான்று. சொத்து, காப்பீடு, குற்ற வழக்கு எல்லாம் ஒரே தேதியில் தொங்குகின்றன. மனசாட்சி விலக்கு வேண்டுமா, எழுதி வையுங்கள், எத்தனை நாள் என்று வரம்பும் வையுங்கள். இப்போது நம்மிடம் இருப்பது விலக்கும் இல்லை, விதியும் இல்லை. படுக்கைக் காசு தீரும்வரை உயிர், அவ்வளவுதான்.

கரு ஆய்வகம்

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கேஸ். ஐந்தாம் நாள் கருவை அதிவேகமாக உறைய வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடுகிறோம். அந்த வெப்பநிலையில் அதற்குள் எந்த வேதிவினையும் ஓடாது. செல் பிரிதல் இல்லை, ஆற்றல் இல்லை, ‘உயிரின் அடையாளம்’ எதுவுமே இல்லை. அது செத்ததா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் உருக்கினால் சில மணி நேரத்தில் மறுபடி விரிகிறது. ஆக ‘அடையாளங்கள் மறைவது’ என்பதில் வேலை செய்யும் பகுதி ‘நிரந்தரமாக’ என்பதுதான். நிரந்தரமா என்பது உருக்கிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

கருவுக்கும் மூளைச்சாவு மாதிரி ஒரு கோடு வேண்டும் என்று 2004-இல் லாண்ட்ரி, சக்கர் என்ற இருவர் எழுதினார்கள். செல் பிரிதல் மீளாமல் நின்றுவிட்ட கருவை இறந்ததாகக் கொள்ளலாம், அதில் உயிரோடு மிஞ்சிய தனிச் செல்களை உறுப்பு தானம் போல ஸ்டெம் செல் ஆய்வுக்கு எடுக்கலாம் என்பது வாதம். ஆய்வகத்தில் இதை நடைமுறைப்படுத்துவது கடினம்: 24 மணி நேரம் பிரியாமல் நின்ற கரு, அடுத்த நாள் மெதுவாக மேலே போவதும் உண்டு.

14 நாள் கோடு பற்றிக் கதிர் கேட்டிருந்தார். பிரிட்டனின் வார்னாக் குழு 1984 அறிக்கையில் தந்த கோடு, ஆய்வகத்தில் கருவை அதற்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதலும் அதையே பின்பற்றுகிறது. ஏறக்குறைய 15-ஆம் நாள் ‘பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக்’ என்ற கீற்று தோன்றும். உடலின் தலை-வால் அச்சு அங்கேதான் முடிவாகும். அதுவரை ஒரு கரு இரண்டாகலாம். 3 நாளுக்குள் பிரிந்தால் தனித்தனி நஞ்சுக்கொடி, 4–8 நாளில் பிரிந்தால் ஒரே நஞ்சுக்கொடி, தனித்தனி பனிக்குடம், 8–12 நாளில் ஒரே பனிக்குடம், அதற்கும் பிந்தினால் ஒட்டிப் பிறக்கும் இரட்டையர். முதல் நாளிலேயே அங்கே ஒரு ‘ஆள்’ இருந்தார் என்றால், இரண்டாகப் பிரியும்போது அவர் யார் பக்கம் போனார்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். 2016 வரை ஆய்வகத்தில் கருவை அத்தனை நாள் வளர்க்கவே முடியாததால் விதி யாரையும் உறுத்தவில்லை. 12–13 நாள் வரை வளர்த்துக் காட்டியதும்தான் விதியைத் தளர்த்தும் பேச்சு வந்தது.

கோட்டூர்புரம் கதிர்

மூளை நிற்பது சாவு என்றால், மூளை தொடங்குவது வாழ்வின் ஆரம்பம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு முனையும் ஒரே அளவுகோலில் வந்துவிடாதா?

தர்க்கன்

1980களில் பலர் முயன்ற வழி. முதல் தடை: எதைத் தொடக்கம் என்பது? ஒருவர் 8 வாரம் என்றார், ஒருவர் 70 நாள் என்றார், 20 வாரத்துக்கு மேல் என்றும் சொன்னார்கள். மூளையின் நடுவில் உள்ள தலாமஸிலிருந்து மேல்மூளைக்கு இணைப்பு வருவது சுமார் 24 வாரத்தில்.

இரண்டாவது தடை பெரிது. மூளைச்சாவில் ஒருவர் இறந்தவர் ஆவது மூளை இயங்காததால் மட்டும் இல்லை, இனி ஒருபோதும் இயங்காததால். கருவில் இயக்கம் இன்னும் வரவில்லை, வரப்போகிறது. உறைந்த கருவைப் பற்றி மேலே சொன்னதும் இதுதான். ஆகவே ‘மூளை இல்லை, எனவே சடலத்துக்குச் சமம்’ என்ற வாதம் நொண்டி. அதே சமயம், ‘வரப்போகிறது’ என்பதால் இப்போதே அந்த உரிமைகள் உண்டு என்பதும் தானாக வராது. நாளை வாரிசாகப் போகிறவர் இன்று சொத்தை விற்க முடியாது. கருக்கலைப்பு விவாதத்தை மூளையை வைத்து முடிக்க முடியாது. யார் உடலுக்குள் அது இருக்கிறது என்ற கேள்வி எப்படியும் வந்து நிற்கும்.

மகப்பேறு மலர்

அந்தக் கேள்வி எங்களிடம் வாரக் கணக்காக வருகிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும், 20–24 வாரம் குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள், 24-ஐத் தாண்டினால் கருவில் கடுமையான குறைபாடு இருந்து மாநில மருத்துவக் குழு ஒத்துக்கொண்டால் மட்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்தே ஆக வேண்டும் என்றால் இந்த வரம்பு பொருந்தாது. குழு 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், 5 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும்.

24 என்று எழுதியதும் ஏதோ ஸ்கேலால் அளந்தது போலத் தோன்றும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் பிழை ஒரு வாரத்துக்குள். முதல் ஸ்கேனே ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு என்றால் இரண்டு வாரம்கூட முன்னே பின்னே போகும். கடைசி மாதவிலக்குத் தேதி நினைவில்லாதவருக்கு 23-ஆ 25-ஆ என்பது ஊகம். குறைபாடு பார்க்கும் ஸ்கேன் 18–20 வாரத்தில். அதில் இதயத்தில் சந்தேகம் வந்து எக்கோவுக்கு அனுப்பி, முடிவு வந்து, குடும்பம் மனதைத் தேற்றி முடிவெடுப்பதற்குள் கோடு தாண்டிவிடும்.

அதற்குப் பிறகு செய்வதாக இருந்தால் ஒரு கட்டம் உண்டு. வெளியே யாரும் பேசுவதில்லை. பிரசவத்தைத் தூண்டுவதற்கு முன் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் கருவின் இதயத்தை நிறுத்த வேண்டும். பொட்டாசியம் குளோரைடு. நின்றதை அரை மணி கழித்து மறுபடி ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் குழந்தை உயிரோடு வெளியே வரலாம். வந்த நொடியில் அது சட்டப்படி ஆள், பச்சிளம் குழந்தை ஐசியூவில் சேர்த்தாக வேண்டும். 2023 அக்டோபரில் 26 வார வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முட்டி நின்றது இந்த இடத்தில்தான். கருவில் குறைபாடில்லை, தாய்க்கு உடனடி ஆபத்தில்லை; இதயத்தை நிறுத்தும்படி டாக்டர்களுக்கு உத்தரவிட மாட்டோம் என்று மூன்று நீதிபதி அமர்வு மறுத்துவிட்டது.

என் கருத்து: மாறுவது குழந்தை இல்லை. கர்ப்பப்பைச் சுவருக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்பதுதான். சட்டம் அதை ஒளிக்கவில்லை, அதுவரை நேர்மை.

பாரிமுனை வக்கீல்

தொடக்கக் கோடுகளைச் சுருக்கமாக அடுக்குகிறேன். 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில் ‘கரு’ என்பது 56 நாள் வரை; 10 ஆண்டுக்கு மேல் சேமிக்க முடியாது, பிறகு அழிய விட வேண்டும் அல்லது தம்பதி சம்மதத்தோடு ஆய்வுக்கு. செத்துப் பிறந்தது என்று பதிய 28 வாரம். கணவர் இறக்கும்போது வயிற்றில் இருந்த குழந்தை பின்னர் உயிருடன் பிறந்தால் முன்பே பிறந்ததாகக் கருதிப் பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டப் பிரிவு 20. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில். ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் வழக்கு தோற்கும்.

சந்தேகப் பிராணி

இரண்டு முனையும் ஒரே படுக்கையில் வந்தால்? மூளைச்சாவு அடைந்தவர் கர்ப்பிணி.

ஐசியூ அகிலன்

செய்ய முடியும், ஆனா கஷ்டம். மூளை போனதும் சிறுநீரைக் கட்டுப்படுத்தற ஹார்மோன் நின்னு மணிக்கு 300 மில்லிக்கு மேல போகும், சோடியம் 155-ஐத் தாண்டும். வாசோபிரஸின், தைராய்டு ஹார்மோன், ஹைட்ரோகார்ட்டிசோன் எல்லாம் வெளியிலிருந்து தரணும். உடம்பு வெப்பத்தை நாமதான் தக்க வைக்கணும். நிமோனியா, சிறுநீர்த் தொற்று எப்ப வேணா வரும். 24 வாரத்துக்குப் பக்கத்துல இருந்தா சில வாரம் ஓட்டிப் பாக்கறது நியாயம். 12, 14 வாரம்னா பல மாசம். நடுவுலயே இதயம் நின்னுரலாம்.

பாரிமுனை வக்கீல்

டெக்சாஸில் இது வழக்கானது. 14 வாரக் கர்ப்பிணி. கர்ப்பிணியின் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தைக் காட்டி, குடும்பம் வேண்டாம் என்று சொல்லியும் மருத்துவமனை இரண்டு மாதம் வைத்திருந்தது. 2014 ஜனவரியில் நீதிபதி சொன்னது ஒரே காரணம்: அவர் இறந்துவிட்டார், இறந்தவர் ‘நோயாளி’ இல்லை, அந்தச் சட்டம் பொருந்தாது. வரையறை ஒன்றாக இருந்தால் தீர்ப்பு ஒரு வரியில் முடிகிறது. இங்கே அப்படி முடியாது.

தாமரை (ஒருங்கிணைப்பாளர்)

மூலக் கேள்விக்குத் திரும்புவோம். மறுத்த குடும்பத்துக்கு இன்று என்ன நடக்கிறது? ஒன்று, இதயம் நிற்கும்வரை எல்லாம் தொடரும். இல்லாவிட்டால் ‘லாமா’: எங்கள் விருப்பத்தின்பேரில் அழைத்துப்போகிறோம் என்று எழுதி வாங்கி, ஆம்புலன்ஸில் கையால் காற்றடிக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே ஊர் வரை போய், வீட்டு வாசலில் குழாயை எடுப்பார்கள். செலவும் சங்கடமும் குடும்பத்தின் தலையில். இறப்புச் சான்று வாங்கவும் அலைய வேண்டும். விபத்து கேஸ் என்றால் போஸ்ட்மார்ட்டத்துக்கு மறுபடி அரசு மருத்துவமனை வாசல். மறுத்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது. தானம் கொடுத்தவருக்கு 2023 முதல் அரசு மரியாதை, அது நல்லதுதான். மறுத்தவரும் குற்றவாளி இல்லை.

ஐசியூ அகிலன்

மூணாவது வழி ஒண்ணு காகிதத்துல இருக்கு. உச்ச நீதிமன்றம் 2018-ல சொல்லி, 2023 ஜனவரியில எளிமையாக்கின உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கற முறை. மருத்துவமனையில முதல் குழு: சிகிச்சை தர்ற டாக்டரும், அஞ்சு வருஷ அனுபவம் உள்ள ரெண்டு நிபுணர்களும். ரெண்டாவது குழுவுல மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கிற ஒருத்தரும் ரெண்டு நிபுணர்களும். முடிஞ்சவரை 48 மணி நேரத்துக்குள்ள ஒவ்வொரு குழுவும் முடிவு சொல்லணும். குடும்பச் சம்மதம், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல், அப்புறம் விலக்கல். மத்திய சுகாதாரத் துறை 2024-ல வெளியிட்ட வரைவுல மூளைத்தண்டுச் சாவையும் இதுக்கான நிலைகள்ல ஒண்ணா சேர்த்திருந்தாங்க. ஏற்கெனவே நாலு பேர் ‘இறந்துட்டார்’னு கையெழுத்துப் போட்ட ஆளை ‘சாக விடலாமா’ன்னு இன்னொரு ஆறு பேர் கூடி முடிவு பண்றது அபத்தம்தான். ஆனா லாமாவை விட நூறு மடங்கு மேல்.

கோட்டூர்புரம் கதிர்

அப்படியானால் முன்கூட்டியே எழுதும் உயில்-மாதிரி ஆவணத்தில் இதையும் சேர்த்துவிடலாமா?

பாரிமுனை வக்கீல்

சேர்க்கலாம், சேர்க்க வேண்டும். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து. நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று. 2023-க்கு முன் போல மாஜிஸ்திரேட்டிடம் போய் நிற்க வேண்டியதில்லை. முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொருவர் வேண்டும். நகலை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரிக்கும் குடும்ப டாக்டருக்கும் கொடுங்கள். பீரோவில் பூட்டி வைத்த ஆவணம் ஐசியூவுக்கு வந்து சேராது.

ஐசியூ அகிலன்

“வென்டிலேட்டர் வேண்டாம்”னு ஒரே வரி எழுதாதீங்க. நாலு நாள் வென்டிலேட்டர்ல வெச்சா சரியாகற நிமோனியாவுக்கும் அது குறுக்க நிக்கும். நிலையைச் சொல்லி எழுதணும்: “மீளும் வாய்ப்பில்லாத மூளைச் சேதம் என்று டாக்டர்கள் உறுதி செய்தால் வென்டிலேட்டர், டயாலிசிஸ், ரத்த அழுத்த மருந்து, இதய மசாஜ் வேண்டாம், வலி, மூச்சுத்திணறலுக்கான மருந்து தொடரட்டும்.” சந்தேகம் இருந்தா “72 மணி நேரம் முயன்று பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்”னு சேர்க்கலாம்.

தனிப் பத்தியில: “சட்டப்படி மூளைத்தண்டுச் சாவு சான்றளிக்கப்பட்டால், உறுப்பு தானத்துக்கு என் குடும்பம் மறுத்தால் அதற்குப் பிறகும், சம்மதித்தால் உறுப்பு எடுத்து முடிந்த பிறகும், செயற்கைச் சுவாசத்தை நீட்டிக்க வேண்டாம்.” தானம் பத்தின விருப்பத்தைத் தனியா படிவம் 7-ல கொடுத்திருங்க. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல முடிச்சுப் போட்டா ஒண்ணு விழும்போது இன்னொண்ணும் சேர்ந்து விழும்.

தாமரை (ஒருங்கிணைப்பாளர்)

அந்தப் பத்தியில் சான்றின் நேரத்தையே இறந்த நேரமாகக் கொள்ளும்படி ஒரு வரியும் சேருங்கள். சட்டப்படி எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வக்கீல் சொல்லட்டும். திதி கேட்கும் பெரியவர்களுக்குக் காட்ட அது போதும்.

பாரிமுனை வக்கீல்

பதிவாளரை அது கட்டுப்படுத்தாது. குடும்பத்துக்கு உங்கள் விருப்பத்தைச் சொல்லும். எழுதுங்கள்.